விருந்தாளிகளின் பெயரைச் சிவப்பில் எழுதியது

எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் போர்டு எழுத்துதான். தெல்தோட்டைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச நாள் போனேன். அதற்குள் தங்கச்சி பிறந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதாகிவிட்டது. பிறகு கண்டிக்கு வந்து, மாநகரசபையில் தெரு கூட்டும் வேலையில் சேர்ந்து, பென்ஷன் எடுக்கும் வரைக்கும் டவுனைச் சுத்தமாக வைத்திருந்தவள் நான்.

விடியக்காலையில் கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும். போர்டுகள் மட்டும் முழித்துக்கொண்டிருக்கும். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீஷ். கூட்டிக்கொண்டே பார்ப்பேன். மருந்துக்கடை, புடவைக்கடை, பேங்க் என்று ஒவ்வொரு எழுத்தையும் ஆட்களின் முகம் மாதிரிப் பழகிக்கொண்டேன். தமிழ் அப்படித்தான் வந்தது. கைநாட்டு வைத்து ஒரு நாளும் சம்பளம் வாங்கியதில்லை. அதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

இதையும் நானேதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். பிழை இருந்தால் மருமகள் திருத்துவாள். சொல்லை மாற்ற விடமாட்டேன்.

நான் வேலையை விடப்போகிற காலத்தில் குளத்தடியில் ஒரு மாணிக்கக் கடைக்காரர் போர்டில் நாலாவதாக ஒரு வரி சேர்த்தார். சீனம். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி அறையில் குடியிருந்தது. ஒரு அறையில் இரண்டே கோடு, காலை அகட்டி நிற்கிற ஆள் மாதிரி. அடுத்த அறையில் கதவைச் சாத்த முடியாத அளவுக்குச் சாமான். ஆனால் அறையெல்லாம் ஒரே அளவு. எனக்கு எங்கள் தோட்டத்து லயம், வரிசையாகக் கட்டிவிட்ட அந்தக் கூலி வீடுகள்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் அங்கே அறை ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். எங்கள் லயத்தை எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டு கூட்டப் போனேன்.

அந்த எழுத்து என் வீட்டுக்குள் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தது!

வீடு அம்பிட்டியவில், ஒரு சரிவில் இருக்கிறது. மகன் மேலே இரண்டு அறை கட்டினான். வெளிநாட்டுக்காரர்களை வாடகைக்கு வைக்கலாம் என்பது அவன் ஆசை. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட கையோடு நெஞ்சுவலி வந்து செத்துப்போனான். பிள்ளை குட்டி இல்லை. நானும் மருமகளும் மிஞ்சினோம்.

கருமாதியன்று சொந்தக்காரப் பொம்பிளைகள் அவளுடைய பொட்டை அழிக்க வந்தார்கள். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். "செத்தது என் மகன். அவ உசிரோடதான இருக்கா? கையை எடுங்க" என்றேன். என் புருஷன் போனபோது எனக்கு அழித்தார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது நான் மறுபடியும் வைத்துக்கொண்டுதான் போனேன். அதனால் எனக்குச் சிவப்பு என்றால் வேறு அர்த்தமே கிடையாது. உயிரோடு இருப்பதுதான் அர்த்தம்.

மருமகள் டவுனில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற வேலை செய்தவள். கம்ப்யூட்டரில் கை ஓடும். எங்கள் ஆட்களின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண்ணுடைய பெயர் குங்குமச் சிவப்பில் இருக்க வேண்டும், காகிதத்தில் மஞ்சள் இருக்க வேண்டும். துக்கப் பத்திரிகை என்றால் முழுக்கக் கறுப்பு. அதற்கு மஞ்சள் தடவ மாட்டோம், வாசித்ததும் கிழித்துவிடுவோம். இதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. ஆனால் எல்லாரும் ஃபோனிலேயே பத்திரிகை அனுப்பத் தொடங்கியதும் பிரஸ்ஸில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் குவைத் பேச்சு வந்தது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரர் மருமகளைக் கேட்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் அத்த. கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள ஓடிரும்."

"நீ கண்ண மூடித் தெறக்கும்போது நான் இருக்க வேணாமா?"

"நீங்க எங்கயும் போக மாட்டீங்க. எமன் வந்தாலும் துடைப்பத்த எடுத்துக்கிட்டு வெரட்டுவீங்க."

பேச்சு சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மேலே இருக்கிற அறைகளுக்கு ஆள் வந்தால் அவள் இருப்பாள், வராவிட்டால் போய்விடுவாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் வந்தது ஒரு சீனப் பெண். ரோடு போடுகிற ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள். சீனாவிலேயே சிங்களம் படித்துவிட்டு வந்திருந்தாள். அது புத்தகச் சிங்களம். மார்க்கெட்டில் அவள் பேசினால் கீரை விற்கிறவர்கள் பிக்குமார் இருக்கிற பன்சலைக்கு வந்தது மாதிரி அடக்கமாக நிற்பார்கள். என் சிங்களமோ தெருவில் பொறுக்கியது. என்றாலும் இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நன்றாகப் பேசிக்கொண்டோம். என்னை 'அம்மே' என்று கூப்பிடுவாள். இடியாப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, "எங்கள் ஊர் ஆட்கள் இந்த வீட்டுக்கு வர வேண்டும். அவர்கள் ஃபோனில் தேடுகிற இடத்தில் இந்த வீடு இல்லை. சீனத்தில் ஒரு பக்கம் வையுங்கள்" என்றாள். வீட்டைப் பற்றி நாலு வரி அவளே தட்டிக் கொடுத்தாள்.

மருமகள் வெப்சைட் செய்யத் தொடங்கினாள். அப்போதுதான் சீன எழுத்தின் பாரம் எங்களுக்குத் தெரிந்தது. எழுத்து திரையில் தெரிவதற்கு ஃபொண்ட் வேண்டுமாம். அது எழுத்துக்குப் போடுகிற உடுப்பு என்று நான் விளங்கிக்கொண்டேன். தமிழ் உடுப்பு ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். சீனத்தில் எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் உடுப்பு மூட்டை மூட்டையாக வருமாம். எங்கள் மலையில் சிக்னல் நொண்டி நொண்டித்தான் ஏறும். பக்கத்தைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

வந்து நின்றதும் நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமான வேலை. வெட்கமே இல்லை.

பக்கம் வேலை செய்தது. மெதுவாக ஆட்கள் வந்தார்கள். ஒரு புருஷன் பொண்டாட்டி, பிறகு மூன்று சிநேகிதிகள், பிறகு தனியாக ஒரு பையன். அவனை நாங்கள் இடியாப்பக்காரன் என்றுதான் சொல்வோம். காலையில் இடியாப்பம், இரவிலும் இடியாப்பம் கேட்பான். போகும்போது எல்லாரும் அவரவர் ஃபோனில் நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தார்கள். மருமகள் அதையெல்லாம் பெயரோடு பக்கத்தில் போட்டாள். குவைத் பேச்சை ஏஜென்சிக்காரர் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்.

சித்திரைக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். "பக்கத்தையும் கொஞ்சம் அலங்கரிப்போமா அத்த?" என்று கேட்டாள். கல்யாணப் பத்திரிகை செய்த கை அல்லவா, சும்மா இருக்குமா? ஓரத்தில் மாவிலை, பின்னால் இளமஞ்சள். எல்லாம் நன்றாக இருந்தது. விருந்தாளிகளின் பெயர்கள் மட்டும் கறுப்பாகக் கிடந்தன.

"வந்துட்டுப் போனவங்க பேரக் கறுப்புல போட்டு வச்சிருக்கியே, இது என்ன கருமாதிப் பத்திரிகையா?" என்றேன்.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள். ஒவ்வொரு பெயரையும் குங்குமச் சிவப்பாக்கினாள். இளமஞ்சள் மேலே அந்தச் சிவப்பு லயம் லயமாக என்ன அழகு! நான் ஃபோனை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஆளும் வரவில்லை.

வருவதாக இருந்த ஒரு குடும்பம் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டது. அறை கேட்டு வருகிற செய்தியும் நின்றுவிட்டது. சீசன் இல்லை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிறகு இடியாப்பக்காரனிடமிருந்து ஒரு செய்தி. மருமகள் அதை ஃபோனிலேயே மொழிபெயர்த்து வாசித்தாள். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தான். தயவுசெய்து என் பெயரைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நம்ம பக்கத்துல பேர் இருந்தா அவனுக்குக் கௌரவம் கொறஞ்சிருமா? ராத்திரி ராத்திரி மாவு பெசஞ்சு போட்டேனே!"

"விடுங்க அத்த. அவனுக்கு என்ன பிரச்சினையோ."

"ஒரு பிரச்சினையும் இல்ல. தெரு கூட்டினவ வீடுன்னு எவனோ சொல்லியிருப்பான்."

அவள் பெயரை எடுத்துவிட்டாள். கோளாறு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகம். சந்தியில் நிற்கிற த்ரீவீல்காரர் ஒருவரின் பழைய ஃபோனை வாங்கிப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அவள் நினைத்தது சரி. எழுத்தே இல்லை. வெறும் கட்டம், கட்டம், கட்டம். குடி பெயர்ந்துபோன லயம்.

"என்ன அக்கா, வீடு கட்டப் பிளானா?" என்று கேட்டார் த்ரீவீல்காரர்.

மருமகள் வீட்டுக்கு வந்து அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டாள். முழு மூட்டையையும் இறக்காமல், பக்கத்தில் இருக்கிற எழுத்துகளுக்கு மட்டும் உடுப்பைப் பிரித்து எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். த்ரீவீல்காரர் ஃபோனிலும் எழுத்து வந்தது, சீக்கிரமாகவும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம். ஆனால் ஆட்கள் வரவில்லை.

ஒரு நாள் அவள் டவுனுக்குப் போய்விட்டு ஒரு சூட்கேஸோடு வந்தாள். நீலம். சக்கரம் வைத்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். குவைத்துக்குப் போகிறதுக்கான வைத்தியப் பரிசோதனைக்கு நாள் கொடுத்துவிட்டார்களாம்.

"நல்ல கலரு" என்றேன்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மொழிபெயர்ப்புக்காரி வந்தாள். சொல்லிவிட்டு வரவில்லை. கம்பெனி வேலையாகக் கண்டிக்கு வந்தவள், மழையில் நனைந்துகொண்டே ஏறி வந்தாள். துவாய் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "பக்கம் எப்படி இருக்கிறது?" என்று மருமகளின் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். துவட்டுகிற கை நின்றுவிட்டது. திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மே, கவுத மெருனே?"

யார் செத்தது என்று.

"யாரும் சாகல. ஏன் அப்படிக் கேக்கிற?"

"இத்தனை பேருடைய பெயர் சிவப்பில்..." என்று திரையைக் காட்டினாள். "இவள் என் சிநேகிதி. போன கிழமைகூடப் பேசினேன்."

மருமகள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

"செவப்பு மங்கலம்மா! ஒங்க சீனக் கடையிலகூடச் செவப்பு லாந்தர்தான தொங்குது? நான் கண்ணால பாத்திருக்கேன்."

"மங்கலம்தான் அம்மே" என்றாள் அவள், தன் புத்தகச் சிங்களத்தில், நிதானமாக. "எங்களுக்குக் கல்யாணம் சிவப்பு. புது வருஷம் சிவப்பு. கதவில் ஒட்டுகிற தாளும் சிவப்பு. தாள் சிவப்பாக இருக்கட்டும், அதன்மேல் எழுத்து கறுப்பாகவோ பொன்னாகவோ இருக்கட்டும். ஆனால் ஒரு ஆளுடைய பெயரைச் சிவப்பில் எழுதக் கூடாது. எழுதினால், இனி உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் அந்த ஆளே இல்லை என்று அர்த்தம்."

"ஒருத்தரும் சொல்லலியே!"

"எப்படிச் சொல்வார்கள்? என்னைச் செத்தவனாக எழுதியிருக்கிறீர்களே என்று கேட்க வாய் வருமா?"

கறுப்பில் போட்டால் கருமாதி என்றவள் நான். அதற்குப் பயந்து சிவப்பாக்கினேன். அவர்கள் கண்ணுக்கு அதுவே கருமாதிப் பத்திரிகையாகிவிட்டது. மஞ்சள் வேறு தடவியிருக்கிறோம். வந்து சாப்பிட்டுப் போனவர்களை வரிசையாக வைத்துத் துக்க அறிவித்தல் போட்டுவிட்டு, அடுத்த ஆள் ஏன் வரவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். மருமகளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

"அழாத. இது நீ ஒருத்தி செஞ்ச பிழையா? நம்ம சனம் முழுக்க இப்படித்தான் எழுதியிருக்கும்" என்றேன். "எடுத்துட்டு வா கம்ப்யூட்டர."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். மழை விட்டபாடில்லை. பெயர்கள் கறுப்பாகின. எழுத்துக்குப் பின்னாலாவது சிவப்பு வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். மேலே ஒரு பட்டை சிவப்பாகி, அதில் வீட்டின் பெயர் பொன்னெழுத்தில் வந்தது. மொழிபெயர்ப்புக்காரி வேறு சில கோளாறும் கண்டுபிடித்தாள். சீனத்தில் முற்றுப்புள்ளி ஒரு சின்ன வளையம். அது இரண்டு இடத்தில் வரியின் தலையில் போய் நின்றது. "முடிகிற அடையாளம் முதலில் நிற்கலாமா? மேல் வரியோடு சேர்த்து வையுங்கள்" என்றாள். இன்னொன்று எனக்கே வேடிக்கையாக இருந்தது. சில எழுத்துகள் ஜப்பான்காரர் எழுதுகிற சாயலில் இருந்தனவாம். 'இது சீனம்' என்று பக்கத்துக்குள்ளே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டுமாம். சொல்லாவிட்டால் சில கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் பக்கத்து நாட்டு உடுப்பை மாட்டிவிடுமாம்.

"கம்ப்யூட்டருக்கும் நம்மளப் பாத்தா எல்லாம் ஒரே ஆளுகளாத்தான் தெரியும்போல" என்றாள் மருமகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் பேச்சு அது.

பிறகு மொழிபெயர்ப்புக்காரி இடியாப்பக்காரனைக் கூப்பிட்டாள். சீனத்தில் என்னென்னவோ பேசினாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, ஃபோன் அதிர்கிற மாதிரி. அவன் சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள். அவனுடைய அம்மா எங்கள் வெப்சைட் பக்கத்தை ஆசையாகத் திறந்து பார்த்திருக்கிறாள். மகன் பெயரைச் சிவப்பில் பார்த்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கையைக் கையைப் பிடித்துப் பார்த்தாளாம். அவளுக்காகத்தான் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கிறான்.

மகனுடைய பெயர் கறுப்பில் அச்சாகி வந்ததைப் பார்த்தவள் நான். என் பிடிவாதத்தால் இன்னொருத்தி அப்படிப் பார்த்துவிட்டாள்.

"நான் பேசணும்" என்று ஃபோனை வாங்கினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் தமிழில்தான் சொன்னேன். "தம்பி, நீ நூறு வருஷம் இருக்கணும். ஒங்க அம்மாவையும் கூட்டிட்டு வா. இடியாப்பம் போடுறேன்."

அவனுக்கு இடியாப்பம் என்ற சொல் மட்டும் விளங்கியது. "இதியாப்பம்! இதியாப்பம்!" என்று கத்தினான்.

அன்றைக்கே அவன் புதிதாக எழுதி அனுப்பினான். மொழிபெயர்ப்புக்காரி வாசித்துக் காட்டினாள். "நான் உயிரோடு இருக்கிறேன். இந்த வீட்டு ஆட்கள் என் பெயரைச் சிவப்பில் எழுதினார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் அதுதான் மரியாதை. இங்கே சாப்பிட்டு யாரும் சாகவில்லை. கூடச் சாப்பிட்டுப் பருத்துத்தான் போனார்கள்." இதை அப்படியே போடச் சொன்னான், பெயரோடு, கறுப்பில்.

மருமகள் போட்டாள். மற்றவர்களுக்கும் விஷயம் போயிருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராக, நானும் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் அதை வாசித்துச் சிரித்துவிட்டு, செத்தவர்கள் சாப்பிட்ட இடியாப்பம் எங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்கள்.

பரிசோதனைக்கு மருமகள் போகவில்லை. ஏஜென்சிக்காரரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி, நாளைத் தள்ளி வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. சூட்கேஸ் அங்கேயே நின்றது. ஒரு தரம் கூட்டும்போது அதை நகர்த்திவிட்டுக் கூட்டி, திருப்பி அதே இடத்தில் வைத்தேன்.

பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு இடியாப்பக்காரன் சொன்னபடி வந்தான். கூடவே அவன் அம்மா. குள்ளமான மனுஷி, என் வயது இருக்கும், படியேறி வரும்போது மகனுடைய சட்டையை விடாமல் பிடித்திருந்தாள். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பேசப் பாஷை இல்லை. நான் இலையில் இடியாப்பத்தை வைத்தேன். அவள் சாப்பிட்டாள். அவ்வளவு பேச்சுப் போதுமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து மேல்மாடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா மருமகளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். விரலால் காட்டி மகனிடம் ஏதோ கேட்டாள். அவன் ஃபோனில் தட்டி எங்களுக்குக் காட்டினான். 'இந்தச் சிவப்பு எதற்கு என்று அம்மா கேட்கிறார்.'

மருமகள் என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு" என்றேன்.

அவள் தட்டினாள். தட்டியதை எனக்கும் வாசித்துக் காட்டினாள். 'உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு.'

அந்த அம்மா மகன் காட்டியதை வாசித்தாள். முடியை ஒதுக்கிவிட்டு நெற்றியை முன்னால் நீட்டினாள்.

மருமகள் உள்ளே ஓடிப்போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். விரலில் தொட்டு, அந்த அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு வைக்கப் போகிற நேரத்தில் அவளுடைய ஃபோன் அடித்தது. மேசையில் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஏஜென்சிக்காரர்.

"யாரு அத்த?"

"குவைத்து."

அவள் கையை எடுக்கவில்லை. கவனமாக, வட்டமாக வைத்தாள். மூக்கில் உதிர்ந்த துகளை ஊதிவிட்டாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"கையெல்லாம் குங்குமம்" என்றாள் மருமகள், திரும்பாமலே. "நீங்க எடுங்க அத்த. நான் வரலன்னு சொல்லிருங்க."

எடுத்தேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரியது, டவுனில் வேலை செய்த குரல்.

"அவளுக்கு இங்க வேல இருக்கு தம்பி" என்றேன். "வீடு நெறைய ஆளு. அப்புறம் அந்த நீலச் சூட்கேஸு யாருக்காவது வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க. புதுசு."

"அதக் குடுக்காதீங்க அத்த" என்று மருமகள் கத்தினாள். "வர்றவங்களுக்குக் குடுக்கிற போர்வையப் போட்டு வைக்கலாம்."